வார்டு பொறுப்பாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி: காலையில் நிறைவு, மாலையில் குறை

மருத்துவமனை வார்டுகளை நடத்தும் செவிலியர் பொறுப்பாளர்களுக்கென்று தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று நடத்தும் ஒருநாள் வகுப்பில், எங்கள் மருத்துவமனையின் பிற பொறுப்பாளர்களோடு நானும் கலந்துகொண்டேன். தவறு நேர்ந்ததையோ சந்தேகம் எழுந்ததையோ அச்சமின்றிச் சொல்வதற்கான உளவியல் பாதுகாப்பைக் குழுவில் உருவாக்குவதே பாடம்.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளின் மருந்துப் பிழைகளைப் பற்றி 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வகுப்பு தொடங்கியது. நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்த அவருக்கு, அத்தகைய குழுக்களின் கணக்கில்தான் பிழைகள் அதிகம் என்று தெரியவந்தது. நேர்ந்ததை அவர்கள் மறைக்காமல் சொன்னதே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிழைப் பதிவேட்டில் மாதந்தோறும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடும் எங்களைப் போன்றோர் கேட்டே ஆக வேண்டிய செய்தி இது.

அடுத்து நடந்த நடிப்புப் பயிற்சிக்காகவே கட்டணம் செலுத்தலாம். “சிஸ்டர், இன்சுலின் டோஸ் மாத்திப் போட்டுட்டேன்” என்று இளம் செவிலியர் வந்து நிற்கும்போது பொறுப்பாளரின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். “எப்படி மாத்தின?” என்று கேட்டால் பேச்சு குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுகிறது, “உடனே சொன்னது நல்லது, இப்ப சுகர் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டால் நோயாளியிடம் செல்கிறது. விசாரணை பிறகு உண்டு என்பதையும், அலட்சியத்துக்கு இதில் விலக்கு இல்லை என்பதையும் பயிற்றுநர் தெளிவாகவே சொன்னார்.

மாலைப் பகுதி அந்தத் தரத்தில் இல்லை. குழுவின் உளவியல் பாதுகாப்பை அளக்க எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஏழு கூற்றுகள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்து, அதை வார்டில் பெயரின்றி நிரப்பச் செய்து பொறுப்பாளரே திரட்ட வேண்டும் என்கிறார்கள். நைட் டூட்டியில் மூன்றே பேர் இருக்கும் வார்டில் பேனாவின் மை நிறமே ஆளைக் காட்டிவிடுமே! குழுவில் வாய்திறக்க இருக்கும் அச்சத்தை அளக்கும் தாளைத் தலைவர் கையிலேயே கொடுக்கச் சொன்னால், வரும் மதிப்பெண் அந்த அச்சத்தையே மறைத்துக் காட்டும். மருத்துவர்களுக்கு வகுப்பில் இடமே இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. ரவுண்ட்ஸின்போது எல்லோர் முன்னிலையிலும் விழும் ஏச்சைப் பொறுப்பாளரால் மட்டும் தடுத்துவிட முடியாது.

புதிதாகப் பொறுப்பேற்றவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். மருத்துவமனை நிர்வாகங்கள், வினாத்தாளை வேறு துறையினர் திரட்ட ஏற்பாடு செய்துகொண்டு, மூத்த மருத்துவர்களையும் அதே வகுப்பில் உட்கார வைக்க நிறுவனம் இசைகிறதா என்று கேட்ட பின் பணம் கட்டுவது நல்லது.