பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு வாட்ஸ்அப் குழு: 2 வருட அனுபவம்

தன்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு குழு ஆரம்பிக்கலாமா என்று பாபநாசத்தில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் நான் 2 வருடமாக நடத்துகிறேன். இந்த வருடம் 14 பிள்ளைகள், எல்லாரும் தமிழ்வழி.

சாயங்காலம் நான் ஒரு கணக்குப் போடுவேன். விடை தெரிந்த பிள்ளை வாய்ஸ் நோட்டில் விளக்க வேண்டும். முதலில் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒருத்தர் போட்டதை மற்றவர்கள் அப்படியே பார்த்து எழுதிவிட்டார்கள். பேசும்போது அது நடக்காது. "இங்க ஏன் ரெண்டால வகுத்த?" என்று அடுத்த பிள்ளை கேட்டுவிடும்.

போன தை மாதம் ஒரு பையன் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து பேசி அனுப்பினான். அப்பாவோடு குவியலுக்குக் காவல் இருந்தான். அன்றைய கணக்கு கூம்பின் கன அளவு. குவியலுக்குள் புகுந்து ஆரத்தை அளக்க முடியாது இல்லையா? கயிற்றால் சுற்றி அளந்திருக்கிறான், 22 அடி. அதிலிருந்து ஆரம் மூன்றரை அடி. அடியிலிருந்து உச்சிவரை கயிறு பிடித்துச் சாயுயரம், அப்புறம் பிதாகரஸ் தேற்றத்தில் உயரம். பின்னால் தார்ப்பாய் படபடக்கும் சத்தம். 3 நிமிடம்தான். நான் நடத்திப் புரியாத பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

என் தீராத எரிச்சலும் அந்த நெல்லோடுதான். பல வீடுகளில் ஒரே போன். சம்பா அறுவடையும் திருப்புதல் தேர்வும் சேர்ந்தே வருகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் காய வேண்டும், எடை போட முறை வர வேண்டும். அதுவரை அப்பா குவியலோடு, போன் அப்பா சட்டைப்பையில். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மழை இருட்டினால் ஆள் கூப்பிட அவருக்கு அது வேண்டும். ஆனால் பிள்ளை ஏங்கிப்போய் மறுநாள் வந்து நிற்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டு மூன்று பேருக்கு ஒரு போன் என்று சேர்த்துவிட்டுப் பார்த்தேன். வடக்குத் தெருவில் மூன்று பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். நன்றாகவே நடந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் அதற்கும் வழியில்லை.

ஜூனில் கேட்டிருந்தால் உடனே ஆரம்பி என்றிருப்பேன். இப்போது வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். நேற்று 7 மணிக்குப் போட்ட கணக்கை இரவு 10 மணிவரை பார்த்தவர்கள் 5 பேர்.