வேலண்டுக்கு மாறிய பிறகு: தமிழில் வேலை செய்பவரின் அனுபவம்

லினக்ஸ் கணினியில் சாளரங்களைத் திரையில் காட்டி, நாம் அழுத்தும் விசைகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பழைய ஏற்பாடு எக்ஸ்11. அதற்குப் பதிலாக வந்திருப்பது வேலண்ட். 2024 ஏப்ரலில் ஃபெடோரா 40 என்ற லினக்ஸ் வெளியீடு வந்தபோது அதன் கேடிஇ டெஸ்க்டாப் பதிப்பிலிருந்து எக்ஸ்11 அமர்வை எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் தனியாக நிறுவிக்கொள்ளலாம். இல்லையென்றால் கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6 வேலண்டில்தான் திறக்கும். நான் தனியாக நிறுவவில்லை. அன்றிலிருந்து என் அன்றாட வேலை முழுவதும் வேலண்டில்தான் நடக்கிறது.

நான் மெய்ப்புத் திருத்துகிறேன், பக்க வடிவமைப்பும் செய்கிறேன். அதனால் விளையாட்டுகளைப் பற்றியோ கிராபிக்ஸ் அட்டைகளைப் பற்றியோ இங்கே பெரிதாகச் சொல்லப்போவதில்லை. தமிழ் எழுத்து திரையில் எப்படித் தெரிகிறது, நான் அழுத்தும் விசை எழுத்தாகச் சரியாக வந்து சேர்கிறதா என்பதுதான் என் கவலை.

"வேலண்ட் எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த டெஸ்க்டாப்பில்?" என்பதைத்தான். எக்ஸ் அமைப்பு 1984இல் எம்ஐடியில் பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது அதுதான். க்னோமோ கேடிஇயோ எக்ஸ்எஃப்சிஇயோ, எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் அடியில் எக்ஸ்ஆர்க் என்ற ஒரே சர்வர் இருந்தது. அதில் ஒன்று வேலை செய்தால் எல்லா டெஸ்க்டாப்பிலும் வேலை செய்யும். 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் அப்படி ஒரு நிரல் இல்லை, வெறும் நெறிமுறை, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகள். அதைச் செயல்படுத்துவது அந்தந்த டெஸ்க்டாப்பின் கம்பாசிட்டர், அதாவது சாளரங்களைச் சேர்த்துத் திரையில் வரையும் நிரல்: க்னோமில் மட்டர், கேடிஇயில் க்வின். ஆகவே க்னோம்காரர் ஒருவர் புலம்பும் பிரச்சினை எனக்கு இருக்காது. எனக்கு இருப்பது அவருக்கு இருக்காது. இணையத்தில் வேலண்டைப் பற்றிப் படிக்கும் பாதிக் குழப்பம் இதிலிருந்து வருகிறது.

முதலில் திரை. என்னிடம் ஒரு மடிக்கணினியும் 27 அங்குல 4கே மானிட்டரும் உள்ளன. எக்ஸ்11இல் பிளாஸ்மா ஓட்டியபோது இரண்டு திரைக்கும் சேர்த்து ஒரே ஸ்கேலிங் (உருப்பெருக்க) அளவுதான். 4கே திரையில் எழுத்து சரியாகத் தெரியும்படி வைத்தால் மடிக்கணினியில் எல்லாம் பெருத்துவிடும். வேலண்டில் ஒரு திரைக்கு 125 சதவீதம், இன்னொன்றுக்கு 150 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். சாளரத்தை அங்கிருந்து இங்கே இழுத்தால் அதுவே அளவை மாற்றிக்கொள்கிறது. 125, 150 சதவீதம் போன்ற பின்ன அளவுகளுக்கான நெறிமுறை 2022 இறுதியில் வந்த பிறகுதான் இது ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. அதற்குமுன் 200 சதவீதத்தில் வரைந்து சுருக்குவார்கள், எழுத்து மங்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தமிழில் ஒரு புள்ளி தெரியாமல் போனால் சொல்லே மாறிவிடும். சில எழுத்துருக்களில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் ஒரு சின்னக் கோடுதான். நாள் முழுக்க மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அந்தக் கோடு கூர்மையாகத் தெரிவதுதான் தொழில். மாலையில் கண் வலிப்பது குறைந்திருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆனால் எல்லாச் செயலிகளும் வேலண்டுக்கு வந்துவிடவில்லை. பழைய செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தட்டு வழியாக ஓடுகின்றன. அவற்றைக் கம்பாசிட்டர் பெரிதாக்கிக் காட்டினால் எழுத்து மங்கலாகும். "செயலியே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு தேர்வு பிளாஸ்மா அமைப்புகளில் இருக்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் தமிழ் தட்டச்சு. மாறுவதற்கு முன் யாராவது எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும் பகுதி இது.

நான் தட்டுவது தமிழ்99 விசைப்பலகை முறை. அதில் க விசையை இருமுறை தட்டினால் க்க என்று வரும், புள்ளி தானாக விழும். மெய்யைத் தொடர்ந்து உயிர் விசையைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து உயிர்மெய்யாகும். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் ஓர் எந்திரம் இதற்கு வேண்டும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற சாதாரண விசைப்பலகை வரைபடம் போதாது. அந்த எந்திரம்தான் எம்17என். ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக அது செயலியோடு பேசுகிறது. எக்ஸ்11 காலத்தில் செயலிகளைக் கட்டப் பயன்படும் ஜிடிகே, க்யூடி இரண்டுக்கும் சூழல் மாறிகளை (செயலிகள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகளை) ஒருமுறை எழுதி வைத்தால் வேலை முடிந்தது.

வேலண்டில் இந்தப் பேச்சு கம்பாசிட்டர் வழியாகப் போகிறது. பிளாஸ்மாவில் எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐ நீங்களே தொடங்கக் கூடாது, க்வின்தான் தொடங்க வேண்டும். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் எஃப்சிஐடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்காரர்களுக்கான இடம் போலத் தோன்றும், நம்மவர்கள் யாரும் அங்கே தேட மாட்டார்கள். பழைய சூழல் மாறிகளையும் நீக்கிவிட வேண்டும். அவை இருந்தால் எஃப்சிஐடிஎக்ஸே ஓர் அறிவிப்புக் காட்டி எச்சரிக்கும். இவ்வளவும் செய்த பிறகு லிப்ரே ஆஃபிஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழ்99 எக்ஸ்11இல் இருந்ததுபோலவே ஓடுகிறது.

சிக்கல் குரோமியத்தின் (குரோம் உலாவியின் திறமூல அடித்தளம்) மேல் கட்டப்பட்ட செயலிகளில். எழுத்து உள்ளீட்டுக்கான வேலண்ட் நெறிமுறைக்குப் பல பதிப்புகள் உண்டு. குரோமியத்தில் முதலில் இருந்தது பதிப்பு 1க்கான ஆதரவு. மட்டருக்குத் தெரிந்ததோ பதிப்பு 3 மட்டும். க்வினுக்கு இரண்டும் தெரியும். ஆகவே அந்த நாட்களில் இத்தகைய செயலியை க்னோமில் நேரடி வேலண்டில் திறந்தால் தமிழ் விழாது. எக்ஸ்வேலண்டில் திறந்தால் தமிழ் விழும், ஆனால் பின்ன அளவில் எழுத்து மங்கும். குரோமியத்துக்குப் பின்னால் பதிப்பு 3 ஆதரவு வந்தது. இருந்தாலும் ஒவ்வொரு செயலியும் உள்ளே எந்தக் குரோமியத்தைச் சுமந்து வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் பலன். நான் பயன்படுத்தும் ஓர் அரட்டைச் செயலியில் தொடக்க விருப்பம் ஒன்றை நானே சேர்த்த பிறகுதான் தமிழ் வந்தது. ஆங்கிலத்தில் தட்டுகிறவர் கண்ணில் இந்தப் பிரச்சினை படவே படாது. அதனால் நாம்தான் வழு அறிக்கை எழுத வேண்டும், எழுதினால் சரிசெய்கிறார்கள்.

நியாயமாக க்னோம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே ஐபஸ் மட்டரோடு சேர்ந்தே வருகிறது. எம்17என் தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். குரோமியம் வகைச் செயலிகள் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதுதான் எளிய வழி.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. எக்ஸ்11இல் ஒரு சாளரத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை இன்னொரு செயலி சிறப்பு அனுமதி எதுவும் இல்லாமலே படிக்கலாம். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2011இலேயே இதைச் செய்து காட்டினார். வேலண்டில் நீங்கள் எந்தச் சாளரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறீர்களோ அதற்கு மட்டும்தான் விசைகள் போகும். திரையைப் பகிர வேண்டுமென்றாலும் எந்தச் சாளரம் என்று கேட்டுவிட்டு பைப்வயர் என்ற ஒலி-ஒளி கடத்தும் நிரல் வழியாக அதை மட்டும் கொடுக்கிறது. ஆசிரியர்களோடு காணொளியில் மெய்ப்புப் பார்க்கும்போது, திறந்திருக்கும் மற்ற கோப்புகள் அவர்கள் கண்ணில் படுமோ என்ற பயம் எனக்கு இப்போது இல்லை.

அதே பாதுகாப்பால் இழந்ததும் உண்டு. ஒரு செயலி இன்னொன்றுக்கு விசைகளை அனுப்ப முடியாது என்பதால் விசை அழுத்தங்களைத் தானாக அனுப்பும் எக்ஸ்டூடூல் என்ற கருவியை வைத்து எழுதியிருந்த என் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் பயனற்றுப் போயின. ஒய்டூடூல் என்ற மாற்று இருக்கிறது. அது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டத்தில் விசைகளைப் போடுவதால் நேரடியாகத் தமிழ் எழுத்துகளை அனுப்ப ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்ப வரும் திருத்தங்களை இப்போது லிப்ரே ஆஃபிஸ் மேக்ரோவாக எழுதி வைத்திருக்கிறேன். சாளரங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே தீர்மானிக்க முடியாது என்பது இன்னொன்று. காலையில் கணினியைத் திறந்தால் நேற்று வைத்த இடத்தில் எதுவும் இருக்காது. க்வினின் சாளர விதிகளை வைத்து நான் சமாளிக்கிறேன். கருவி வைத்து மானிட்டர் நிறத்தை அளவீடு செய்பவர்களுக்கும் எக்ஸ்11தான் பழகிய வழி. புத்தக அட்டை வடிவமைக்கும் நண்பர் ஒருவர் அதற்காகவே பழைய அமர்வை வைத்திருக்கிறார்.

அந்தப் பழைய அமர்வு இனி நெடுநாள் இருக்காது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49இல் எக்ஸ்11 அமர்வு இயல்பாக முடக்கப்பட்டுவிட்டது. பிளாஸ்மா 6.8இல் அது இருக்காது என்று கேடிஇயும் அறிவித்துவிட்டது. லினக்ஸ் மின்ட்டின் சின்னமனிலோ எக்ஸ்எஃப்சிஇயிலோ இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், அங்கே வேலண்ட் ஆதரவு சோதனை நிலையில்தான் இருக்கிறது. கேடிஇயில் இருப்பவர்கள் உள்நுழையும் திரையிலேயே வேலண்ட் அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், பழையதை நீக்கத் தேவையில்லை. முதலில் மெய்நிகர் விசைப்பலகை அமைப்பை மாற்றிவிட்டு, தினமும் தமிழ் தட்டும் ஒவ்வொரு செயலியிலும் "அக்கா" என்று தட்டிப் பாருங்கள். க் தானாகப் புள்ளி பெறாத செயலி எது என்று அப்போதே தெரிந்துவிடும்.