வேலூர் வெயிலில் சோலார் வேன்: உப்பு பூப்பது டெர்மினலில், கோளாறு சார்ஜிங்கில்

டெம்போ டிராவலருக்குள் படுக்கை, அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்து, கூரையில் சோலார் பேனல் போட்டுச் சில வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் அதே 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரிதான், ஈயமும் ஆசிட்டும் உள்ளது. வண்டி ஏலகிரி, ஜவ்வாது மலை என்று சுற்றுவதைவிடக் காட்பாடியில் வீட்டு வாசலில் வெயில் காய்வதுதான் அதிகம், பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டெர்மினலில் உப்பு பூத்தால் கடையில் சுரண்டி, கிரீஸ் தடவி அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் திரும்பப் பூக்கும். பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிந்து கொப்பளிக்கும், அந்தக் குமிழி மூடித் துளை வழியாக வெளியே வரும்போது ஆசிட் சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். அது ஈயத்தில் பட்டால் வெள்ளை, வயர் முனையில் இருக்கும் செம்பு லக்கில் பட்டால் நீலப் பச்சை. டெர்மினல் அடியில் சீல் விட்டுப்போனாலும் பூக்கும்தான், ஆனால் எல்லா செல்லிலும் தண்ணீர் மட்டமும் மளமளவென்று இறங்கினால் ஓவர்சார்ஜைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில், சார்ஜ் ஏற்ற வைத்திருக்கும் 14.4 வோல்ட் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. 12 வோல்ட் பேட்டரிக்குச் சூடு ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.024 வோல்ட் குறைக்கணும். கத்திரி வெயிலில் பேட்டரிப் பெட்டி 40 டிகிரியில் இருந்தால் 14.04 போதும், அதற்கு மேல் ஏற்றுவது தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வேலை. வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் ஃப்ளோட்டை, அதாவது பேட்டரி நிறைந்த பிறகு அதை அப்படியே வைத்திருக்கும் வோல்ட்டேஜை, 13.2 பக்கம் இறக்கி வைத்துவிடுகிறேன், இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கும் வேகமே குறைந்தது.

சென்சர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லணும். பல கண்ட்ரோலர்களில் சூட்டைப் பார்க்கும் சென்சர் கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அதைக் கூரைக்கு அடியில் தகரத்தை ஒட்டி மாட்டினால் மதியம் அது தன் சூட்டைப் பேட்டரியின் சூடு என்று நினைத்து வோல்ட்டேஜை ரொம்பக் குறைத்துவிடும், அப்புறம் பேட்டரி அரைவயிறாகவே கிடந்து பிளேட்டில் சல்ஃபேட் படியும். ஆக இரண்டு பக்கமும் அடி. வயர் வைத்த தனி சென்சரை பேட்டரியின் பக்கச் சுவரில், பாதி உயரத்தில் டேப் போட்டு ஒட்டுவதுதான் சரி. ஏலகிரி குளிருக்குப் போனாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சுத்தம் செய்ய ஆப்ப சோடாவும் வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள், அதற்கு முன் பேனல் ஸ்விட்சையும் அணைத்துவிடணும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட்டே கெட்டுவிடும். காய்ந்ததும் நட்டை முறுக்கிவிட்டு அதன் மேல் வாசலின். முதலில் தடவி அப்புறம் முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் இஷ்டமில்லை.

மட்டம் இறங்கினால் ஆசிட் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய. போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டரை மட்டும், ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே.

பேட்டரிப் பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு காற்றுக் குழாய் கட்டாயம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், நாம் என்னடாவென்றால் கொசுவர்த்தியைக் கொண்டுபோய்ச் சீட்டுக்கு அடியில் வைக்கிற ஆட்கள்!

புதிதாக வண்டி கட்டுகிறவர் கேட்டால், காசு இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆசிட் தொல்லை இல்லை. ஆனால் சூடு அதற்கும் ஆகாது, கண்ட்ரோலர் செட்டிங்கையும் மாற்றணும். என் ட்யூபுலர் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, அது சாகும்வரை நான் மாற்றப்போவதில்லை.