மஞ்சள் அட்டையா, கடன் மாற்றா, பக்கத்து வீட்டுக் கூட்டா?

சேலத்துக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டோடு சரி. ஐஸ் பெட்டியில் வரும் மீனைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். சட்டம் படிக்கும் அண்ணன் மகளோ ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "சித்தப்பா, ஏழைக் கடலோர நாடுகள் சர்வதேசக் கடல் சட்டத்தை நடைமுறைப்படுத்த எப்படி உதவினால் நல்லது? விவாதத்துக்கு ஒரு வழியைத்தான் எடுத்துக்கணுமாம்" என்றாள்.

"சட்டம் இல்லாமலா கண்ணு கஷ்டப்படுறாங்க?" என்றேன்.

ஏட்டில் ஒரு குறையும் இல்லை. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளத்தின் மீது உரிமை தந்தது. திருட்டு மீனோடு வரும் கப்பலைத் துறைமுகத்திலேயே மடக்க 2009-ல் இன்னொரு ஒப்பந்தம். அந்த 200 மைலுக்கும் அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கான ஒப்பந்தம் 2026 ஜனவரி 17-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைப் பாருங்கள். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிய கடல், சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ 1.2 லட்சம் பேர். சேலம் மாநகரில் மட்டும் 2011-லேயே 8.29 லட்சம். இவ்வளவு கடலைக் காவல் காக்க ஆளுக்கும் படகுக்கும் டீசலுக்கும் எங்கே போவார்கள்?

பயிற்சிப் பட்டறைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். நல்லதுதான், ஆனால் சான்றிதழோடு ஊர் திரும்பும் அதிகாரிக்கு ரோந்துப் படகு இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும்.

மீதி மூன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டை முறை மிரட்டல் ரகம். சட்டவிரோத மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தாத நாட்டுக்கு முதலில் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு, அதாவது அங்கிருந்து மீன் வாங்க மாட்டோம் என்பது. பக்கத்து இலங்கையே இதில் அடிபட்டது. 2015 தொடக்கத்தில் தடை வந்தது. ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி பொருத்தி, சட்டத்தையும் திருத்திய பிறகு 2016-ல் தடை நீங்கியது. வேகமான மருந்து என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. உலகின் மிகப் பெரிய தொலைதூர மீன்பிடிக் கப்பல் கூட்டம் சீனாவுடையது. அந்த அட்டை அந்தப் பக்கம் நீண்டதில்லை. இளைத்தவன் வீட்டுக் கதவை மட்டும் தட்டும் ஜப்தி மாதிரி இருக்கிறது.

கடன் மாற்று கொஞ்சம் கௌரவமானது. நாட்டின் பழைய கடனைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கடல் பாதுகாப்புக்குச் செலவிட வைப்பது. இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸ் 2016-ல் சுமார் 2.16 கோடி டாலர் கடனில் இதைச் செய்து, 2020-க்குள் தன் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2021-ல் மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் 55 கோடி டாலருக்கு மேலான கடன் பத்திரத்தை டாலருக்கு 55 சென்ட் வீதம் திரும்ப வாங்கியது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் வங்கி, காப்பீடு, வக்கீல் கட்டணம் என்று நடுவில் கைகள் நிறைய. தவிர, கழுத்தளவு கடன் இருக்கும் நாட்டுக்குத்தான் இந்தக் கதவே திறக்கும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. சூரை மீன் திரியும் பசிபிக் கடலின் ஏழு நாடுகள் 1982-ல் நவ்ரு ஒப்பந்தத்தில் ஒன்று சேர்ந்தன, துவாலு பிற்பாடு சேர்ந்து எட்டானது. தனித்தனியாகப் பேரம் பேசினால் வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவரைக் காட்டி இன்னொருவரின் விலையைக் குறைப்பான். ஆகவே 2007 முதல் சுருக்குமடிக் கப்பல்களுக்கு 'நாள்' விற்கிறார்கள், அதாவது தங்கள் கடலில் ஒரு நாள் மீன் பிடிக்கும் உரிமை. மொத்தம் இத்தனை நாள்தான், ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு. அந்த அடிமட்ட விலை பிற்பாடு 8,000 டாலருக்குப் போனது. 2010 வாக்கில் ஆண்டுக்கு 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 50 கோடியை நெருங்கியது. கப்பல்தோறும் மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் பார்வையாளர் ஏறினார். சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் இந்த எட்டு நாடுகளும் அண்டை நாடுகளும் சேர்ந்து வைத்திருக்கும் மீன்வள அமைப்பு கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்கிறது. ஆஸ்திரேலியா ரோந்துப் படகுகளைக் கொடுத்தது, ஓட்டுவது உள்ளூர்க்காரர்கள். உதவி என்றால் எனக்கு இதுதான்: படகு வெளியிலிருந்து வரலாம், சாவி வீட்டுக்காரன் கையில்.

"சூரை இல்லாத நாடு என்ன செய்யும் சித்தப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. எல்லாரும் தேடி வரும் சரக்கு கையில் இருந்ததால்தான் அந்தக் கூட்டணி நின்றது. சரக்கு இல்லாமல் கடன் மட்டும் இருந்தால் பெலீஸ் வழி பரவாயில்லை என்றேன். குறித்துக்கொண்டாள்.

அப்புறம் நம் வங்காள விரிகுடாவைக் கேட்டாள். அதற்கும் ஒரு கூட்டு இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் சேர்ந்தது, அலுவலகம் சென்னையில். ஆனால் அது ஆலோசனைதான் சொல்லும். நாள் விற்கவோ கப்பலை மடக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. பாக் நீரிணையில் இழுவைப் படகுத் தகராறு ஓயாமல் இந்தியாவும் இலங்கையும் அந்த அதிகாரத்தைப் பொதுவில் வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.