காரைக்குடிக் கடையின் வீட்டுச் சேவை: டயல்-அப் வேகத்துக்கு ஒரு வைத்தியம்

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குப் போகும் டயல்-அப் இணைப்பு நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்தபோது, குறை கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியான மோடத்தில்தான் என்று நானாகவே முடிவுகட்டி, காரைக்குடிக் கணினிக் கடை ஒன்றில் புதிய மோடம் வாங்கினேன். இணைப்பு கிடைக்கும்போது வரும் கிறீச்சொலி சற்று மாறியதே தவிர, திரையின் மூலையில் தெரியும் வேகம் பழையபடி நொடிக்கு 26,400 பிட்டிலேயே நின்றது. வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையும் அந்தக் கடைக்கு உண்டு என்பதால் ஆள் அனுப்பச் சொன்னேன்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் வந்தார். வந்த இளைஞர் கணினிப் பக்கமே போகவில்லை. தொலைபேசியை எடுத்து, ஓர் எண்ணை மட்டும் அழுத்தி, டயல் டோன் அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இரைச்சல் கேட்டது. "இந்தச் சத்தத்துக்கு நடுவிலதான் மோடம் பேசணும், ஐயா" என்றார்.

56,000 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது 1998-இல் தரப்படுத்தப்பட்ட வி.90 என்ற மோடம் முறையின் உச்ச வரம்பு. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரை வரும் செம்புக் கம்பி சுத்தமாக இருந்தால்தான் அதை நெருங்கவாவது முடியும். இரைச்சல் மிகுந்தால் மோடம் தானாகவே பழைய வி.34 முறைக்கு இறங்கிவிடும். 26,400 அந்தப் பழைய முறையின் படிகளில் ஒன்று என்பதால், எண்ணைக் கேட்டதுமே கம்பியில்தான் கோளாறு என்று ஊகித்துவிட்டதாக அவர் சொன்னார்.

பிறகு முகப்பில் இருந்த தொலைபேசிப் பெட்டியிலேயே மோடத்தை நேராகச் செருகிப் பார்த்தார்: 45,333. அப்படியானால் வெளிக் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. வேகம் வீட்டுக்குள்தான் தொலைகிறது. முகப்பில் நுழையும் கம்பி வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கணினி இருக்கும் அறைக்குப் போவதற்குள் மூன்று இடங்களில் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. அடுப்படிச் சுவரை ஒட்டிய ஒன்றின் மேல் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தபோது, உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்தது. மழை பெய்தால் இணைப்பு அறுபடுவதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. போதாக்குறைக்கு, ஆச்சியின் அறைக்கு என்றோ இழுத்த இணைத் தொலைபேசியும் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முகப்பிலிருந்து கணினி அறை வரை ஒட்டே இல்லாத புதிய முறுக்குக் கம்பி ஒன்றை இழுத்து, இணைத் தொலைபேசியைக் கழற்றினார். இப்போது 44,000 கிடைக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்த ஒரு மெகாபைட் கோப்பு, மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டி வந்து சேர்கிறது. அழைப்புக் கட்டணமும் அந்த அளவுக்கு மிச்சம். தொலைபேசியை இழந்த ஆச்சிக்கு மட்டும் என்மேல் இன்னும் வருத்தம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கம்பியைப் பிடித்து நிறுத்த, பர்மாத் தேக்குக் கதவு நிலையில் என்னைக் கேட்காமலே இரண்டு ஆணி அடித்துவிட்டார். இந்த ஊரில் அது சின்னக் காரியமில்லை. போகும்போது, வேகத்தை ஐந்து மடங்கு ஆக்கும் மென்பொருள் என்று ஒரு குறுவட்டையும் விற்கப் பார்த்தார். அந்த வகை மென்பொருள்கள் படங்களின் தரத்தைக் குறைத்துச் சுருக்கி அனுப்புமே ஒழிய, கம்பியின் வேகத்தைக் கூட்டுவதில்லை. படங்கள் வேண்டாம் என்று உலாவியிலேயே நிறுத்திவைத்தால் அந்தப் பலன் காசில்லாமல் கிடைக்கும். வேண்டாம் என்றதும் அவர் வற்புறுத்தவில்லை.

தாமதத்தையும் ஆணியையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இவர்களைத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் மோடம் வாங்குவதற்கு முன்பே அழையுங்கள். அன்று மாலை, பரணில் போட்டிருந்த பழைய மோடத்தை இறக்கி மாட்டிப் பார்த்தேன். அதுவும் 44,000 காட்டியது.