எக்ஸ்ரேவுக்கு நான்கு நட்சத்திரம், சுவர்ப் படத்துக்கு ஒன்று

காவல் நிலைய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல்வலியைப் பொறுத்துக்கொள்வேன், அரைகுறைப் பதிவேட்டைப் பொறுக்க மாட்டேன். இந்தப் பல் மருத்துவமனையையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

சிகிச்சையில் குறையில்லை. கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, மேலே உலோக உறை. வலிக்கவில்லை, முதலில் சொன்ன தொகைக்கு மேல் கேட்கவும் இல்லை.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய காகித ஒழுங்கு. சிகிச்சைக்கு முன் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து, சிறு குச்சியை முன்பற்களால் கடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வந்து, இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் தந்துவிடுகிறது. மூலையில் பெயர், தேதி, இடம் வலம் என்ற குறி எல்லாம் இருந்தன. மூலக் கோப்பைக் கேட்காமலே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். சிகிச்சைச் சீட்டில் '36, வேர் சிகிச்சை, உலோக உறை' என்று சர்வதேச இரட்டை இலக்க எண்ணோடு எழுதியிருந்தார்கள். 36 என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல். நான் முன்பு போய்வந்த வேறோர் இடத்தில் 'பல் சிகிச்சை' என்ற இரண்டு சொல்லும் ஒரு தொகையும்தான் கிடைத்தன.

இந்தக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாராட்டு என்று கேட்கலாம். சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 174-இன் கீழ் (இப்போது புதிய சட்டத்தில் 194) 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45' என்று எழுதி எழுதிக் கை சலித்தவன் நான். உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். முகம் சிதைந்தாலும் உடல் கருகினாலும் பற்கள் பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் உயிரோடிருந்தபோது எடுத்த பதிவு இல்லையென்றால் அவற்றை எதனோடு ஒப்பிடுவது? காணாமல் போனவரின் வீட்டில் கல்யாண போட்டோ தருவார்கள், ரேஷன் கார்டு தருவார்கள். பல் எக்ஸ்ரே இருக்காது. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகள் ஏராளமானோரை அடையாளம் காட்டியது அவரவர் ஊர்ப் பல் மருத்துவர்கள் அனுப்பிய பதிவுகள்தான். பதிவு அரிதாக இருந்த உள்ளூர் மக்களுக்கு அந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

இனி என் புகார். காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு வண்ணப் படம்: கடித்த தடம் கைரேகைக்குச் சமமாம், குற்றவாளி தப்பவே முடியாதாம். டாக்டர், தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

இறந்தவரின் பல்லைப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவது வேறு, தோலில் பதிந்த தடத்தை வைத்து ஒருவரைக் கைகாட்டுவது வேறு. தோல் இழுபடும், வீங்கும், நிறம் மாறும்; பதிவதும் சில முன்பற்கள் மட்டும்தான். 2012 டெல்லி பேருந்து வழக்கில் கடித்தடப் புகைப்படங்களைக் குற்றம்சாட்டப்பட்டவர்களின் பல் அச்சுகளோடு கர்நாடகத்தின் தார்வாட் நகரைச் சேர்ந்த பல் தடயவியல் நிபுணர் அசித் ஆச்சார்யா ஒப்பிட்டார். 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அங்கே டி.என்.ஏ. உட்பட வேறு சான்றுகளும் வலுவாக இருந்தன. அமெரிக்காவின் அரிசோனாவில் ரே க்ரோன் கதை வேறு. கொலையுண்ட பெண்ணின் உடலில் இருந்த தடம் இவருடைய கோணற்பல்லோடு பொருந்துகிறது என்று நிபுணர் சொன்னதை நம்பி, 1992-இல் மரண தண்டனை விதித்தார்கள். மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளி என்றே முடிவானது. 2002-இல் டி.என்.ஏ. வேறொருவரைக் காட்டிய பிறகுதான் வெளியே வந்தார். அந்நாட்டு தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2009 அறிக்கையிலேயே, கடித்தடத்தை வைத்து ஒருவரை மட்டும் தனித்து அடையாளம் சொல்லப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது.

மருத்துவரிடம் சொன்னேன். விற்பனைப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போனது என்று சிரித்தார். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் அதனால்தான் குறைந்தது.

போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிறகு உட்கார இடம் கிடைக்காது. பல் செட் கட்டிக்கொள்பவர்கள் உட்புறத்தில் பெயரைப் பதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். என் மனைவியின் செட்டில் தனிக் கட்டணம் இல்லாமல் பதித்தார்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தது, மறுபேச்சில்லாமல் திருத்தியும் கொடுத்தார்கள்.