டர்போ காருக்கு ஃபியூவல் ரெகுலேட்டர் மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கோவையில் ஒரு டியூனிங் ஷாப்பில் என்னிடம் 30,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபியூவல் ப்ரஷர் ரெகுலேட்டர் (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைச் சரியாக வைக்கும் சாமான்) என்று ஒரு போலியை மாட்டி அனுப்பினார்கள். மாட்டிய விதமும் தப்பு. ஒரு பிஸ்டன் போய்விட்டது. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் ஷாப்பின் பெயரை இங்கே போடவில்லை, ஆனால் என்ன செய்தார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே நீல நிற ரெகுலேட்டரை இன்னும் இரண்டு வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

என்னுடையது பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். முன்பு வைத்திருந்தவர் ரீமேப் செய்திருந்தார் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவின் ஃபைலை மாற்றுவது), பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம், 0.8 பார் வரை போகும். போன வருடம் மூன்றாவது கியரில் 5,000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி திணற ஆரம்பித்தது. அந்த ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஸ்டாக் ரெகுலேட்டர் இந்தப் பூஸ்ட்டுக்குத் தாங்காதுங்க, அட்ஜஸ்டபிள் போட்டு நாலு பார் வெச்சுட்டா ராக்கெட் மாதிரி போகும்" என்றார்கள். பெட்ரோல் ப்ரஷரை அளந்தார்களா என்றால், இல்லை. ஸ்கேனரைக்கூட மாட்டவில்லை. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ரெகுலேட்டர் 22,000, லேபரும் டியூனிங்கும் சேர்த்து 8,500. ஜப்பான் கம்பெனிப் பெயர் போட்ட பெட்டி, நீலத்தில் பளபளவென்று மின்னும் அலுமினியம், தலையில் ஒரு குட்டி கேஜ். முள் சரியாக 4-இல் நின்றது. பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டு. பழைய ரெகுலேட்டரைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள்.

முதல் வாரமே சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாசம் வந்தது. மைலேஜ் குறைந்தது. போன் செய்தால், "ப்ரஷர் ஏத்தியிருக்கோம்ல, அப்படித்தாங்க இருக்கும், ஈசியூ போகப் போக பழகிக்கும்" என்று பதில். மூன்றாவது வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ கூழாங்கற்களைக் குலுக்குவது போல ஒரு சத்தம். மலைப்பாதையில் ஓரம் கட்ட இடம் கிடைக்கவே இரண்டு வளைவு ஆனது. அதற்குள் செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போத்தனூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் விட்டேன். கார்பரேட்டர் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். ரெகுலேட்டரையே இரண்டு நிமிடம் பார்த்தார். அப்புறம் லைனில் ப்ரஷரை இறக்கிவிட்டு, அந்தக் குட்டி கேஜை ஸ்பேனர் போட்டுக் கழற்றித் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, முள்ளைப் பாருங்க."

எதிலும் மாட்டாமல் என் கையில் கிடக்கிற கேஜில் முள் 1 பாரில் நின்றது.

அதாவது அவர்கள் 4 என்று காட்டிக் காசு வாங்கியது உண்மையில் 3. கம்பெனி எனக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த அதே 3 பார். அண்ணன் தன்னுடைய கேஜை மாட்டிப் பார்த்தார், அதிலும் மூன்றுதான்.

இன்னும் மோசமானது அடுத்து வந்தது. ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். அது இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய்) போகவில்லை, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாயில் செருகியிருந்தது. மேனிஃபோல்டில் அது இருக்க வேண்டிய நிப்பிளில் ஒரு இஞ்ச் ரப்பர் துண்டு, அதன் வாயில் துருப்பிடித்த ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்திருந்தார்கள். பழைய ஹோஸ் வெடித்திருக்கும், புதிதாக வாங்க சோம்பல், அவ்வளவுதான்.

இது ஏன் இன்ஜினைக் கொல்லும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரயில் என்கிற குழாயில் இருக்கும் பெட்ரோல், மறுபக்கம் மேனிஃபோல்டில் இருக்கும் காற்று. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் 3 பார் வித்தியாசம் இருக்கும் என்று நம்பித்தான் ஈசியூ கணக்குப் போடுகிறது. அந்த வித்தியாசத்தைக் காப்பது ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஒரு டயஃப்ராமும் ஸ்பிரிங்கும், அதற்கு மேனிஃபோல்டின் நிலவரத்தைச் சொல்வது அந்தச் சின்ன ஹோஸ். பூஸ்ட் 0.8 ஏறினால் ரயிலிலும் 3.8 ஆக வேண்டும். என் வண்டியில் ஹோஸ் வேறு இடத்தில் இருந்ததால் ரயில் 3-லேயே நின்றது, வித்தியாசம் 2.2 ஆகிவிட்டது. பாய்கிற அளவு ப்ரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 14 சதவீதம் பெட்ரோல் குறைவு, அதுவும் இன்ஜின் அதிகமாகக் கேட்கும் நேரத்தில். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, இதற்கு நேர் எதிர். மேனிஃபோல்டில் வேக்யூம் இருக்கும்போது ரயில் சுமார் 2.5-க்கு இறங்க வேண்டும், இறங்கவில்லை, பெட்ரோல் அதிகமாகப் போனது. சிக்னலில் வந்த வாசம் அதுதான். ஈசியூ தானாகச் செய்த திருத்தத்தைக் காட்டும் 032-ஆம் குரூப்பை ஸ்கேனரில் பார்த்தபோது பார்ட் லோடில் (முழுசாக மிதிக்காமல் ஓட்டும்போது) மைனஸ் 6 சதவீதம் என்று இருந்தது. அதிகமாக வருகிறதே என்று ஈசியூ தானாகக் குறைத்திருக்கிறது, அந்தக் குறைப்பை ஃபுல் பூஸ்ட்டிலும் சேர்த்துக்கொண்டது. 14-உடன் இந்த ஆறும் சேர்ந்து மலை ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். "ஈசியூ பழகிக்கும்" என்று அவர்கள் சொன்னது இதைத்தான் செய்தது.

நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, பார்த்தோம்: பாரில் 11, 6, 11, 11. இரண்டாவது சிலிண்டரின் பிளக்கில் பீங்கான் வெள்ளையாகச் சுட்டு, மேலே மிளகுத்தூள் போல அலுமினியப் புள்ளிகள். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை எடுத்தால் ரிங் உட்காரும் வரப்பு உடைந்திருந்தது.

டியூனிங் என்று வாங்கிய காசுக்கு ஈசியூவில் எதுவுமே செய்யவில்லை. முன்பு இருந்தவருக்கு ரீமேப் போட்டுக் கொடுத்தவரிடமே ஃபைலைப் படிக்கச் சொன்னேன், அவர் போட்டது அப்படியே இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஜப்பான் என்பதிலேயே ஒரு ஆங்கில எழுத்தைக் காணோம். ரயிலுக்குப் போட்டிருந்த ஹோஸ் சாதாரண ரப்பர், இன்ஜெக்‌ஷன் ப்ரஷருக்கானது இல்லை, கிளாம்ப் பக்கத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்காத ரப்பர் ஊதும், வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் வந்த அந்தத் திணறல்? ஃபியூவல் ஃபில்டர் அடைப்பு. ஆயிரம் ரூபாய்கூட ஆகாத சாமான். இன்ஜின் வேலை முடித்து, புது ஃபில்டரும் கம்பெனி ஸ்பெக்கில் 3 பார் பாஷ் ரெகுலேட்டரும் போட்டதும் 6,000 வரை சுத்தமாக இழுக்கிறது.

ரெகுலேட்டர் மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. 3 பாரிலிருந்து 4 பாருக்குப் போனால் அதே இன்ஜெக்டர் 15 சதவீதம் கூடுதலாகப் பாய்ச்சும், அது தேவைப்படும் வண்டிகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு ஈசியூ ஃபைலையும் மாற்ற வேண்டும். 0.8 பூஸ்ட்டில் ரயில் 4.8 பார் கேட்கும், ப்ரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும், இருபது வருடப் பம்ப் அதற்குத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். இதில் ஒன்றையும் பேசாமல் நேராக ரெகுலேட்டருக்கு வருகிற ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் தனி கேஜ் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். ஆணையத்தில் எனக்கு இப்போது பெரிய சிக்கலே அந்த எஸ்டிமேட் சீட்டுதான். யுபிஐ-யில் பணம் போட்ட விவரமும் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய போட்டோவும் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்களுக்கு: இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறங்கள். ஹோஸ் மேனிஃபோல்டுக்குத்தான் போகிறதா என்று கடைசி வரை பாருங்கள். ஐடிலில் அதைக் கழற்றி நுனியை விரலால் அடைத்தால் ப்ரஷர் அரை பார் ஏற வேண்டும், முள் அசையவில்லை என்றால் ஏதோ கோளாறு. ஹோஸின் உள்ளே பெட்ரோல் வாசம் அடித்தால் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது, அன்றைக்கு வண்டியை எடுக்கவே வேண்டாம். நீல நிறம், தலையில் குட்டி கேஜ், கோவையில் மாட்டியது என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், மனுவில் உங்களையும் சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.